டாக்டர் ஹூ பார்க்கலாமா? முதலில் அந்தக் கிறிஸ்துமஸ் எபிசோடைத் தேடுங்கள்

பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவுக்கு மூன்று ‘முதல் சீசன்’கள் உண்டு. 1963-ல் ஒன்று, 2005-ல் ஒன்று, 2024-ல் ஒன்று. மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சிதான், டாக்டரும் ஒரே ஆள்தான், சாகும் தறுவாயில் வேறு உடம்புக்கு உருமாறிவிடுவதால் முகம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ‘முதல் சீசனிலிருந்து பார்’ என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம் என்று போன வாரம் ஒரு நண்பன் கேட்டான். அவனுக்கு அனுப்பத் தொடங்கிய பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

டாக்டர் பயணம் செய்யும் நீலப் பெட்டி, காலப்பயணம், டாலெக்குகள் என்ற பரம எதிரிகள் எல்லாம் அவனுக்குத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2005-ல் தொடங்கலாம். 1989-ல் நின்றுபோன தொடர் அது. இடையில் 1996-ல் ஒரே ஒரு டிவி படம் வந்ததோடு சரி. ரஸல் டி டேவிஸ் அதை மறுபடி எழுப்பியபோது, பழையது எதையும் பார்க்காதவர்களுக்காகவே எழுதினார். கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். கிறிஸ்டஃபர் எக்கிள்ஸ்டன் 13 எபிசோடுகள் மட்டுமே டாக்டராக இருந்தார். அதற்குள் அவரை அப்படிப் பிடித்துப்போகிறது. கடைசி எபிசோடில் உடம்பெல்லாம் ஒளியாக வெடித்து வேறொரு ஆளாக மாறுகிறார். புதிய ஆள் முதலில் கவனிப்பது தன் வாயில் இருக்கும் புதுப் பற்களை! ரோஸ் பேச்சு மூச்சில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாமும்தான்.

எனக்குத் தீராத எரிச்சல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நான் பார்க்கும் தளத்தில் ‘அடுத்த எபிசோடு’ பொத்தானை அழுத்தினால் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடு வரும். அதில் ரோஸும் புதிய டாக்டரும் வேறொரு கிரகத்தில் ஆப்பிள் வாசனை வீசும் புல்லில் படுத்து, பல வருடப் பழக்கம்போல் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன நடந்தது? அவள் இவரை எப்படி ஏற்றுக்கொண்டாள்? பதில் 2005 டிசம்பர் 25 அன்று ஒளிபரப்பான ஒரு மணி நேரக் கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் இருக்கிறது. அது எந்த சீசனிலும் சேராதாம். அதனால் பட்டியலின் அடியில் தனிப் பிரிவில், தேதி வரிசைகூட இல்லாமல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அது விட்டுவிட்டுப் போகக்கூடிய உபரிக் கதை என்றால் பரவாயில்லை. டாக்டர் பாதிக் கதைக்கு மேல் பைஜாமாவில் படுக்கையில் கிடக்கிறார். வேற்றுலகக் கப்பல் ஒன்று லண்டனுக்கு மேலே வந்து நிற்கிறது. இவர் எழுந்து வருவாரா, வந்தாலும் பழைய ஆளாக இருப்பாரா என்று ரோஸ் அழுகிறாள். எழுந்து வந்தவர் வாள் சண்டையில் ஒரு கையை இழக்கிறார். உருமாற்றம் முடிந்து சில மணி நேரமே ஆகியிருப்பதால் புதிய கை முளைத்துவிடுகிறது. வெட்டுப்பட்ட கை கீழே விழுந்து கதையை விட்டுப் போய்விட்டதாகத் தோன்றும். போகவில்லை. மூன்றாம் சீசனில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் மிதந்துகொண்டு திரும்பி வருகிறது. நான்காம் சீசனின் முடிவே அந்தக் கையை நம்பித்தான் இருக்கிறது. ஸ்பெஷலைப் பார்க்காதவர்களுக்கு அது யாருடைய கை, ஏன் குடுவையில் இருக்கிறது என்று ஒன்றும் புரியாது. மூன்று வருடம் பொறுமையாகக் கட்டிய ஒரு கதை இழை, ஒரு பட்டியல் சரியில்லாததால் அறுந்துபோகிறது.

இது ஒரு தடவை நடந்த விஷயமும் இல்லை. ஏழாம் சீசன் முடிவில் அதுவரை நாம் பார்த்திராத ஒரு டாக்டராக ஜான் ஹர்ட் திடீரென்று வந்து நிற்கிறார்; எட்டாம் சீசனைத் திறந்தால் அதுவரை டாக்டராக இருந்த மேட் ஸ்மித்தே இல்லை, பீட்டர் கபால்டி இருக்கிறார். நடுவில் இரண்டு ஸ்பெஷல்கள். அவற்றில் ஒன்று 2013 நவம்பர் 23-ல் வந்த ஐம்பதாம் ஆண்டுக் கதை. மொத்தத் தொடரிலும் அதைவிடப் பெரிய நிகழ்வு கிடையாது; 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பினார்கள். அதுவும் அந்த அடிப்பிரிவில்தான் கிடக்கிறது. 2024-ன் ‘முதல் சீசன்’ மட்டும் என்ன வாழ்கிறது? நூட்டி கட்வா நடிக்கும் டாக்டர், தன் பயணத் துணையாகப்போகும் ரூபியை முதன்முதலில் சந்திப்பது 2023 கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில். சீசனின் முதல் எபிசோடு அதற்கு அப்புறம்தான்.

நியாயமாகச் சொன்னால், எழுதியவர்கள் மேல் தப்பில்லை. பிரிட்டனில் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் அன்று டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. வந்த தேதியில் பார்த்தார்கள், முடிந்தது. இப்போது மொத்தமாகப் பார்க்க வருகிறவர்களுக்கும் அதே தேதி வரிசை இருந்தால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்தத் தொடரின் இன்னொரு பெரிய இழப்பைப் பற்றித் தெரிந்த பிறகு என் கோபம் கூடித்தான் போனது. 1960-களின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பிபிசியின் கையில் இல்லாமல் போயின. வீடியோ டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கான தேவை குறைவு என்பதால் அழித்துவிட்டு அதே டேப்பை மறுபடி பயன்படுத்தினார்கள். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் இரண்டாம் டாக்டரான பாட்ரிக் டிரௌட்டனாக மாறும் 1966 எபிசோடேகூட முழுதாக இல்லை. மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும் தப்பின. ஆனால் தொலைந்த எல்லா எபிசோடுகளுக்கும் ஒலி இருக்கிறது. வீட்டில் டிவி பார்த்தவர்கள் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தவை அவை. அந்த ஒலியை வைத்துச் சில கதைகளை அனிமேஷனாகவே மறுபடி எடுத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் இப்படிக் கட்டிக் காத்த ஒரு தொடரை, கையில் முழுசாக இருக்கும் எபிசோடுகளைக்கூட வரிசையாக அடுக்காமல் வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, இவ்வளவு எரிச்சலோடு ஏன் விடாமல் பார்க்கிறேன்? 2008-ல் வந்த ‘மிட்நைட்’ எபிசோடுக்காக. ஒரே ஒரு பயண வண்டி, அதற்குள் சிலர், வெளியே யாரும் உயிரோடு இருக்க முடியாத கிரகம். வெளிப்பக்கத்திலிருந்து யாரோ தட்டுகிறார்கள். வந்தது என்ன என்று கடைசிவரை காட்டவே மாட்டார்கள். ஒரு பெண் மற்றவர்கள் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்லத் தொடங்குகிறாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேசும்போதே கூடச் சொல்கிறாள். அப்புறம் அவர்கள் பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள். வேறு ஒன்றுமே இல்லை, ரப்பர் மாஸ்க் போட்ட ராட்சசன் இல்லை, வெடி இல்லை. பயந்துபோன சாதாரண மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொலை செய்யத் துணிவதை முக்கால் மணி நேரத்தில் காட்டிவிடுகிறார்கள். எப்போதும் பேசியே ஜெயிக்கும் டாக்டரின் பேச்சு அங்கே எடுபடவில்லை. அந்த எபிசோடு முடிந்ததும் அடுத்ததைப் போட எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பு-வெள்ளை நாட்களும் எதிர்பாராத சந்தோஷம்தான். 1963-ன் முதல் கதையைத் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட். இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். இருவருக்கும் அப்போது இருபதுகளில்தான் வயது. ரான் கிரெய்னரின் தலைப்பு இசையை டீலியா டெர்பிஷையர் ஒவ்வொரு ஸ்வரமாக டேப்பில் வெட்டி ஒட்டி உண்டாக்கினார். டார்டிஸ் என்ற அந்த நீலப் பெட்டி கிளம்பும் முனகல், பியானோ கம்பியில் சாவியை வைத்து இழுத்து எடுத்த சத்தம். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் அந்தக் கம்பியின் சொரசொரப்பு காதில் படும். நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.

இவ்வளவு சொன்னபிறகும் நண்பனுக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதுதான். ஒளிபரப்பான தேதிகளின் பட்டியல் கையில் இருந்தால் தொடங்கு. இல்லாவிட்டால் ரோஸும் டாக்டரும் அந்தப் புல்லில் படுத்திருப்பதைப் பார்த்து முழிப்பாய், பாதியில் விட்டுவிடுவாய். ‘மிட்நைட்’ வரை வராமல் விட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் நான்காம் டாக்டரான டாம் பேக்கரின் 1974 எபிசோடுகளுக்குப் போய்விட்டேன். அவர் நடித்த ஏழு சீசன்களும் ஒழுங்காக வரிசையில் இருக்கின்றன. 1979-ல் வேலைநிறுத்தத்தால் படப்பிடிப்பு பாதியில் நின்றுபோன ஒரு கதையை மட்டும் தனியாகத் தேட வேண்டும்.