கொப்பி பேஸ்ட் பண்ணினால் போகாத கடிதம்: ரைட் டு தெம் தளம் பற்றி

"எம்.பி.க்குக் கடிதம் எழுத ஒரு வெப்சைட் இருக்காமே, அது என்ன?" என்று வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அதன் பெயர் ரைட் டு தெம். பிரித்தானியாவில் மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. காசு கிடையாது, கணக்கு எதுவும் திறக்கத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவர்களுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு நான் தேநீர் குடிக்கலாம்.

எனக்கு இது அறிமுகமானது 2020 டிசம்பரில். மாமியின் தம்பி கொழும்பில் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். கொரோனா என்றார்கள். அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானியின்படி கொரோனாவில் இறந்தால் எரிக்க வேண்டும், வேறு வழியில்லை. நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களை டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டார்கள். முஸ்லிம்களுக்கு அடக்கம்தான் முறை, அதனால் மாமியின் வீட்டார் எரிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட மறுத்தார்கள். மறுத்து என்ன, எரித்துவிட்டார்கள். அதே மாதம் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பில் பொரளைக் கனத்தை மயான வேலியில் சனங்கள் கபன் துணியை, அதாவது மையத்தைச் சுற்றும் வெள்ளைத் துணியை, கிழித்து முடிச்சுப் போட்டது அதற்குப் பிறகுதான்.

லண்டனில் இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்வது? எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் அழகான இங்கிலிஷில் ஒரு கடிதம் எழுதி, "பெயரை மட்டும் மாற்றி எல்லாரும் எம்.பி.க்கு அனுப்புங்கள்" என்று போட்டார். நானும் தளத்தைத் திறந்தேன். போஸ்ட்கோடைப் போட்டதும் கவுன்சிலரில் இருந்து எம்.பி. வரை நமக்காக யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டுகிறது. எம்.பி.யைத் தட்டினால் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் கடிதத்தை அப்படியே ஒட்டினேன், அனுப்பினேன். போகவில்லை. ஒரே கடிதத்தைப் பலர் கொப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பினால் தளம் கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறது. உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்கிறது.

அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. இரவு பன்னிரண்டு மணி, காலை ஐந்துக்கு ஷிப்ட், இதற்குள் இவன் எனக்கு இங்கிலிஷ் கட்டுரை எழுதப் பாடம் எடுக்கிறானா என்று லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்தேன். குழுவிலும் அதே புலம்பல். பாதிப் பேர் அதோடு கைவிட்டார்கள்.

மறுநாள் மாமி கேட்டார், "அனுப்பினீங்களா மகன்?" இல்லை என்றேன். "சரி, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது, தையல் கடை வைத்திருந்தவர், ஊரில் இறந்துபோன எத்தனையோ பேருக்குக் கபன் வெட்டிக் கொடுத்த கை, அவருக்கு அந்தத் துணி கிடைக்கவில்லை. இவ்வளவுதான் கடிதம். பத்து வரிகூட இல்லை. நான் இங்கிலிஷில் மாற்றினேன். சட்டம், தீர்மானம், சர்வதேச உடன்படிக்கை ஒன்றும் அதில் இல்லை. மாமியின் பெயரில், மாமியின் மின்னஞ்சலில் இருந்து போனது. முழு முகவரியும் கொடுக்க வேண்டும். ஏனென்றால் இங்கே எம்.பி.க்கள் தங்கள் தொகுதிக்காரரின் விடயத்தைத்தான் எடுப்பார்கள், அடுத்த தொகுதி என்றால் அங்கே போகச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: பதில் வந்ததா? இந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது, ஒருவன் நம் பக்கம் நின்று கணக்கு வைத்திருக்கிறான் என்ற மாதிரி. இல்லை என்று அழுத்தினோம். இரண்டே நாளில் எம்.பி. அலுவலகத்திலிருந்து மாமிக்குப் போனே வந்துவிட்டது! ஸ்பீக்கரில் போட்டு நான் மொழிபெயர்த்தேன். பேசிய பெண், குடும்பத்துக்குக் கடைசியாக முகம் காட்டினார்களா என்று கேட்டார். "ஒருக்காக்கூட காட்டல்ல" என்றார் மாமி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அப்புறம் எம்.பி. அந்தக் கடிதத்தை பிரித்தானிய வெளிவிவகார அமைச்சுக்கு அனுப்பினார். ஐந்து வாரத்தில் அமைச்சின் பதில் நகல் வந்தது. ஒன்றரைப் பக்கம். "இலங்கை அரசிடம் எமது கவலையை எழுப்பியுள்ளோம்" என்பதுதான் அதன் சாரம். "எழுப்பினால் எழும்பிட்டாங்களா?" என்று மாமி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதை வாசித்துவிட்டு ஒரு கடிதத்தால் ஜனாஸா எரிப்பு நின்றது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். நின்றதற்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. 2021 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். பெப்ரவரி தொடக்கத்தில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள், இந்தக் கோரிக்கையும் அதில் இருந்தது. அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போன மறுநாள், பெப்ரவரி 25ஆம் திகதி, வர்த்தமானி மாறியது. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம் அது, முஸ்லிம் நாடுகளின் வாக்கு கொழும்புக்குத் தேவைப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். அந்த மண்ணில் பிறகு 3,600க்கு மேற்பட்டவர்களை அடக்கினார்கள், எல்லாரும் முஸ்லிம்கள் அல்ல. அதற்கு முன் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.

ஆனால் ஒன்று. 2021 மார்ச் 23ஆம் திகதி ஜெனீவாவில் 22க்கு 11 என்று நிறைவேறிய, இலங்கை பற்றிய 46/1 தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடுகளுக்கு முன்னால் நின்றது பிரித்தானியா. எரிப்பினால் முஸ்லிம்களும் மற்ற மதத்தவர்களும் தங்கள் முறைப்படி அடக்கம் செய்ய முடியாமல் போனது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அங்கே வைத்தது மாமியின் கடிதம் என்று சொல்ல மாட்டேன். லண்டனில் அந்த அமைச்சின் மேசையில் அப்போது கிடந்த காகிதங்களில் தையற்காரர் ஒருவரின் கதையும் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கொப்பி பேஸ்ட் கடிதம் இருநூறு போயிருந்தாலும் அந்தப் போன் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அந்த இரவு எரிச்சலூட்டிய விடயத்துக்குத்தான் இன்று ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போடுகிறேன்.

பாராளுமன்றத்தின் பெட்டிஷன் தளம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் எழுதும், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று யோசிப்பார்கள். எங்கள் மாதிரிச் சின்னச் சமூகம் ஆறு மாதத்துக்குள் எங்கே போய் லட்சம் பேரைத் தேடுவது? கடிதத்துக்கு ஒரு ஆள் போதும்.

பிறகு இந்தத் தளத்தை நான் ரோட்டுக் குழிக்கும் குப்பைத் தொட்டிக்கும் பாவித்திருக்கிறேன், அதை விடுங்கள். போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிடங்கில் என்னோடு வேலை செய்யும் பாகிஸ்தான்காரர் ஒருவர் அஹ்மதி. அவருடைய வாப்பாவின் மீசான் கல்லை, கபுறில் நடும் பெயர்க்கல்லை, ஊரில் உடைத்துவிட்டார்கள். போனில் படத்தைக் காட்டினார். 1974இல் அஹ்மதிகளை முஸ்லிம் அல்ல என்று பாகிஸ்தான் அரசியலமைப்பில் எழுதினார்கள். 1984இல் வந்த இருபதாம் கட்டளைச் சட்டத்தின்படி தொழும் இடத்தைப் பள்ளிவாசல் என்று சொன்னாலே மூன்று வருடம் வரை சிறை. "நீயும் உன் எம்.பி.க்கு எழுதுவாயா?" என்று கேட்டார்.

உடனே சரி என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அவர்களை முஸ்லிம்களாக ஏற்பதில்லை, நானும் அப்படி வளர்ந்தவன்தான். நாலு நாள் கேண்டீனில் அவர் பக்கம் போகாமல் திரிந்தேன். ஐந்தாம் நாள் இரவு எழுதினேன், கல்லைப் பற்றி மட்டும். பதில் ஆறு நாளில் வந்தது. ஆனால் அச்சடித்த பதில். அஹ்மதிகளுக்கென்றே பாராளுமன்றத்தில் அனைத்துக் கட்சிக் குழு இருக்கிறது, அவர்களுடைய தலைவரான கலீபா 1984இலிருந்து இங்கிலாந்தில்தான் இருக்கிறார், அந்த அலுவலகத்துக்கு விடயம் பழகிப்போயிருக்கும். மாமியிடம் இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன். "கல்லையுமா உடைச்சாங்க?" என்று மட்டும் கேட்டார்.

குறை என்றால், தமிழில் இல்லை, அதனால் வயதானவர்களுக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவிஸில் இருக்கும் காக்கா, என் நானா, கேட்டார், அவருக்கு இது வேலை செய்யாது, பிரித்தானிய முகவரி வேண்டும். அனுப்பிய கடிதம் அலுவலகத்துக்குள் என்ன ஆனது என்று தளத்துக்குத் தெரியாது. அதற்கு இவர்களுடைய இன்னொரு தளம், தே வர்க் ஃபோர் யூ, உதவும். அங்கே "இலங்கை" என்று இங்கிலிஷில் போட்டு வைத்தால் பாராளுமன்றத்தில் யார் அந்தச் சொல்லை உச்சரித்தாலும் மின்னஞ்சல் வரும். அதில் பாதி கிரிக்கெட்டும் தேயிலையும்.

கடைசியாக, எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எழும்பிப் போய்விடாதீர்கள். உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு லிங்க் வரும், அதை அழுத்தினால்தான் கடிதம் போகும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். மாமிக்கு வந்த லிங்க் ஒரு நாள் முழுக்க அங்கேதான் கிடந்தது.