ஆவடியா, தாம்பரமா: வாடகைக்குக் குடியிருந்தவன் கணக்கு

சென்னையில் வேலை, அளவான சம்பளம், நகரத்துக்குள் வாடகை கட்டுபடியாகாது என்று சொன்னால் போதும். ஆளுக்கொரு பக்கமாகக் கை காட்டுவார்கள். தெற்கத்திக்காரர்கள் தாம்பரம் என்பார்கள், அம்பத்தூரில் வேலை பார்ப்பவர்கள் ஆவடி என்பார்கள். நான் ஆவடியில் நாலு வருஷம், தாம்பரத்தில் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தவன். இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. தாம்பரம் 2021 நவம்பரில், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரி 1-ம் தேதி இரண்டுக்கும் தனித்தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்தது. இரண்டிலும் விமானப்படைத் தளம் உண்டு. இரண்டிலும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்தான் ஜனம்.

முதலில் எல்லாரும் கேட்பது வாடகை. ஆவடியில் நான் காலி செய்தபோது இரண்டு படுக்கையறை மாடிப் போர்ஷனுக்கு 9,500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் ஏறக்குறைய அதே அளவு வீட்டுக்கு 13,000. மாதம் 3,500 ரூபாய் கூடுதல் என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை கிடையாது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆவடி வீட்டில் தனி மின் இணைப்பு இல்லை, சப்-மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஓனர் வசூலித்தார். தாம்பரத்தில் தனி இணைப்பு. வீட்டு இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் கொஞ்ச தூரம் சலுகைக் கட்டணம். 300 யூனிட் ஓடினால் மின்வாரியத்துக்குக் கட்டுவது சுமார் 700 ரூபாய். அதே 300 யூனிட்டுக்கு ஆவடியில் நான் கொடுத்தது 2,400. மாதத்துக்கு 850 ரூபாய் அங்கேயே போய்விட்டது. அரசாங்கம் கொடுக்கும் சலுகை மாடிப்படி ஏறி வருவதற்குள் கீழ்வீட்டிலேயே தங்கிவிடுகிறது, வேறென்ன.

அடுத்தது ஸ்டேஷன். ஆவடி வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே. போக 20, வர 20 என்று ஷேர் ஆட்டோவுக்கு மாதம் 1,000 ரூபாய். தாம்பரத்தில் எட்டு நிமிஷ நடை. ஆனால் தாம்பரத்தில் போர் தண்ணீர் ஒரே உப்பு. குடிக்க, சமைக்க மாதம் எட்டு கேன், 320 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 3,500 என்று பயமுறுத்திய வித்தியாசம் 2,000-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சப்-மீட்டரோ, ஸ்டேஷன் தூரமோ ஊரின் குணம் இல்லை. அந்தந்த வீட்டின் குணம். தாம்பரத்திலும் சப்-மீட்டர் வீடு வேண்டிய மட்டும் உண்டு. ஆவடியில் ஸ்டேஷன் பக்கத்திலேயே தனி மீட்டரோடு வீடு கிடைத்திருந்தால் என் கணக்கு தலைகீழாகியிருக்கும். ஊருக்கு ஊர் வித்தியாசம் என்று நாம் பேசுவதில் பாதி வீட்டுக்கு வீடு இருக்கும் வித்தியாசம்தான்.

மீதிப் பாதி ஊருடையது. அதில் முதலாவது ரயில். தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கடற்கரை வரைக்கும் வண்டிக்குப் பஞ்சமில்லை. ஒன்றை விட்டால் அடுத்தது வந்துவிடும். 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பாதையில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. கிண்டி, மாம்பலம், எழும்பூர் என்று வேலை இருக்கிற இடங்களை எல்லாம் இந்தப் பாதை தொட்டுக்கொண்டு போகிறது. ஆவடிப் பாதை சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட் வளாகத்தில் போய் நிற்கும். அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கம் வேலை என்றால் இதை விடச் சௌகரியம் கிடையாது. கிண்டியில் வேலை வைத்துக்கொண்டு ஆவடியில் வீடு பார்ப்பவரை நான் தடுப்பேன். நானே அப்படி ஒரு வருஷம் அலைந்து முதுகு போனவன்.

சொந்த ஊர் எந்தப் பக்கம் என்பதும் இதில் உண்டு. நான் திருநெல்வேலிக்காரன். தெற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். சில அங்கிருந்தே கிளம்பும். தெற்கே போகும் பஸ்கள் கிளம்பும் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் கொஞ்ச தூரம்தான். 2023 டிசம்பர் கடைசியில் அது திறந்தபோது நகரத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் புலம்பினார்கள், தாம்பரத்துக்காரர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆவடியிலிருந்து பொங்கலுக்கு ஊருக்குப் போன நாட்களை நினைத்தால் இன்னும் சலிப்பாக இருக்கிறது. மூட்டை முடிச்சோடு சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூர், அங்கே கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவது.

சரி, குடியிருக்க எது நன்றாக இருந்தது? ஆவடி. யோசிக்காமல் சொல்வேன். கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் வந்த ஊர். விஜயந்தா டாங்கியிலிருந்து அர்ஜுன் வரை இங்கே செய்ததுதான். தொழிற்சாலைக்காரர்கள் குடியிருக்கும் எஸ்டேட் பக்கம் போனால் மரங்களும் அகலமான ரோடும் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையே மறக்கவைக்கும். மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் வேறு இருப்பதால் மார்க்கெட்டில் ஹிந்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் கேட்கும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சாயங்கால நடை. ஓனர்களில் பலர் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆனவர்கள். பத்து மணிக்கு கேட் பூட்டு, மோட்டாருக்கு நேரம், செருப்பு ஸ்டாண்ட் இங்கேதான் இருக்கவேண்டும் என்று வீட்டையும் ஷிஃப்ட் முறையில் நடத்துவார்கள். ஆனால் எனக்கு ஜுரம் வந்தபோது கஞ்சி மேலே வந்ததும் அதே கீழ்வீட்டிலிருந்துதான்.

தாம்பரத்தில் கிழக்கு, மேற்கு என்பதே இரண்டு ஊர். நடுவில் தண்டவாளம். கிழக்கில் கிறிஸ்தவக் கல்லூரி, 1937-ல் நகரத்திலிருந்து இங்கே வந்தது. அந்த வளாகத்தின் காட்டை ஒட்டிய தெருக்களில் சாயங்காலக் காற்று வேறு மாதிரி இருக்கும். வாடகையும் வேறு மாதிரி இருக்கும். மேற்கில் ஜி.எஸ்.டி. ரோடு, மார்க்கெட், இரைச்சல். இன்னும் மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை சட்டென்று இறங்கும். காரணம் அடையாறு. 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் படகு விட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று தரைத்தளம் எடுக்காதீர்கள். எதிர்வீட்டுச் சுவரைப் பாருங்கள், அல்லது பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டால் 'இந்தத் தெருவுல வராது சார்' என்பார். ஆவடியிலும் ஏரிகளை ஒட்டிய தாழ்வான நகர்கள் உண்டு, அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் சரி என்றும் இடம் விடுகிறது. அந்த இடத்தில்தான் ஓனர்கள் குடியிருக்கிறார்கள். ஆவடியில் நான் கொடுத்தது ஐந்து மாதம், தாம்பரத்தில் ஆறு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இரண்டு இடத்திலும் நடந்தது. இந்தப் பக்கம் 'லீஸ்' என்று லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுகிற வீடுகளும் உண்டு. வில்லங்கச் சான்று பார்க்காமல் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். வீடு பேங்க் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணம் வரிசையில் கடைசியில் நிற்கும்.

மெட்ரோ வரப்போகிறது என்ற பேச்சு இரண்டு பக்கமும் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஒன்று, கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை ஒன்று. தூண் வருவதற்கு முன்பே வாடகை ஏறிவிட்டது.

இப்போது மகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் மறுபடி ஆவடிப் பக்கம் வீடு பார்க்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு மாடிப் போர்ஷன், தனி மீட்டர், கிணறும் உண்டு. 14,000 சொன்னார். ஆடி மாசம், யாரும் பால் காய்ச்சிக் குடி வரமாட்டார்கள், வீடு இரண்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது என்று எதிர்வீட்டு அம்மா சொல்லிவிட்டார். 12,500 கேட்டிருக்கிறேன். 'ஆவணி பிறக்கட்டும், பேசலாம்' என்கிறார் ஓனர். ஆவணிக்குள் முடித்துவிடவேண்டும் என்பதுதான் என் திட்டம்.