கார் நகரணுமா, நிற்கணுமா? மூன்று ஆலை அமைப்புகள்

உற்பத்தி நிறுவனத்தில் ஆட்களின் வேலையை எப்படி அமைப்பது என்ற பேச்சு பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் சுற்றும்: ஃபோர்டின் அசெம்பிளி லைன், டொயோட்டாவின் குழு முறை, ஸ்வீடனில் வால்வோ முயன்ற தன்னாட்சிக் குழு.

ஃபோர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1913இல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் லைன் வந்தது: கார் நகர்ந்துகொண்டே போகும், ஆளாளுக்கு ஒரு சிறு வேலை. முன்பு சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்ட 12.5 மணி நேரம் ஆனது, சில மாதங்களில் 93 நிமிடமாகக் குறைந்தது. அதே ஆண்டில் ஆட்கள் வேலையை விட்டுப் போன விகிதம் 370 சதவீதம்! 1914இல் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்துத்தான் அவர்களைப் பிடித்துவைக்க முடிந்தது.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஸ்வீடனின் உட்டேவல்லாவில் 1989இல் திறந்த ஆலையில் வால்வோ லைனையே எடுத்துவிட்டது. கார் ஒரே இடத்தில் நிற்கும். சிறு குழு ஒன்று அதை முழுசாகப் பூட்டும். ஒருவருடைய வேலைச் சுற்று, அதாவது அதே வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் வரையான நேரம், மணிக்கணக்கில் நீளும். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் (ஜிஎம்) டொயோட்டாவும் 1984இல் சேர்ந்து தொடங்கி, டொயோட்டா முறையில் ஓடி, 2010இல் மூடப்பட்ட நம்மி (NUMMI) ஆலை இதற்கு நேர் எதிர். சுற்று சுமார் ஒரு நிமிடம், அசைவுகள் எல்லாம் எழுதிவைத்தபடி. இவ்வளவுதான் தெரியும் என்றால் நானும் உட்டேவல்லாவுக்கே கை தூக்குவேன்.

ஆனால் நம்மியில் அந்த ஒரு நிமிடத்தை அளந்து எழுதியதில் குழுவினருக்கே பங்கு உண்டு. பிசகு தெரிந்தால் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார், உடனே சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இழுத்தவருக்குத் திட்டு கிடையாது. இத்தனைக்கும் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர், ஜிஎம் தனியாக நடத்தியபோது லீவுக்கும் தகராறுக்கும் பேர்போன அதே தொழிலாளர்கள்.

உட்டேவல்லாவில் ஒரு குழு கண்ட நல்ல வழி அடுத்த குழுவுக்குப் போய்ச் சேரவில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். ஆதரவாளர்கள் அதை மறுத்தார்கள். 1993இல் அது மூடப்பட்டதை மட்டும் வைத்துத் தோல்வி என்று எழுதிவிட முடியாது. அப்போது கார் விற்பனை படுத்திருந்தது. ஆலையும் சிறியது, காரின் உடலைச் செய்யும் பாடி ஷாப், பெயிண்ட் ஷாப் எதுவும் இல்லை.

எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் வேறு வகை என்றால் உட்டேவல்லா வழிதான் பொருந்தும். ஒரே பொருள் ஆயிரக்கணக்கில் என்றால் என் ஓட்டு நம்மிக்கு. ஆனால் கயிறு கட்டும் முன் சூப்பர்வைசரை எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். ஷிஃப்ட் முடிவில் எண்ணிக்கை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால், "எதுக்கு நிறுத்தினே?" என்று அவர் ஒரு தடவை அதட்டினாலே போதும், மறுநாள் யாரும் கயிற்றில் கை வைக்க மாட்டார்கள்.