மெஞ்ஞானபுரம் பக்கத்து அசனம்: ஒரு மெஸ்காரனின் மதிப்பெண்

சர்ச்சில் நடந்த ஊர்ப் பந்தி ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சாம்பாருக்கு முழு மதிப்பெண். பந்தி நடத்தியதற்கு முக்கால். பெரிய மனிதர்களைத் தனியாக உட்கார வைத்தார்களே, அந்த அறைக்கு முட்டை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் மெஸ் நடத்துகிறேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஆக்குப்புரையை (சமையல் கொட்டகையை) எட்டிப் பார்க்கிற ஜென்மம். எனக்கு வாழை இலை போடுகிற அண்ணாச்சிக்கு மெஞ்ஞானபுரம் தாண்டி உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். "கோயில் பிரதிஷ்டை வருது அண்ணாச்சி, அசனத்துக்கு வாங்க" என்று வருடா வருடம் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டு எங்கே போவது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை கடையில் வெள்ளையடிப்பு வேலை. முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அண்ணாச்சி அங்கேதான் குடியிருந்தாக வேண்டும்.

அசனம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வருடத்துக்கு ஒரு நாள் கோயில் வளாகத்தில் (சர்ச்சைத்தான் கோயில் என்போம்) ஊருக்கே பொதுவாகச் சமைத்து, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். டோக்கன் கிடையாது. வந்தவர் எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். சில ஊர்களில் ஆட்டுக்கறி போடுவார்கள், இந்த ஊரில் சைவம். செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அசன வரி. அதற்கு மேல் நேர்ச்சை, அதாவது அவரவர் நேர்ந்துகொண்டு கொடுப்பது. திருப்பூரில் கடை வைத்திருப்பவர் அரிசி மூட்டை இறக்குவார், தோப்புக்காரர் தேங்காய் போடுவார், நம்ம அண்ணாச்சி இலை. கையில் காசு இல்லாத வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து விறகு பிளந்து கொடுத்தால் அதுவும் நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். 'அரிசி 2 மூட்டை' என்பதற்கு நேர் கீழே 'விறகு, ஒரு நாள்' என்று அதே மையில், அதே அளவு எழுத்தில் இருந்தது.

கூடி வேலை செய்வது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழக்கமான விஷயம். ஊர்கள் உண்டானதே அப்படித்தான். முதலூர் 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்று ஏற்பட்ட குடியிருப்பு (மஸ்கோத் அல்வா ஊர் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சீக்கிரம் விளங்கும்). அதற்கப்புறம் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்) காலத்தில், 1830-ல், தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன சபையாருக்கு நிலம் வாங்கிக் குடியேற்றினார்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், கைப்பிடி அரிசி என்று. இலை அண்ணாச்சியின் வீட்டம்மா இன்றைக்கும் அடுப்பு மேடைப் பக்கத்தில் அதற்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறார். 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலிக்காரர்கள் சொந்தக் காசில் ஆரம்பித்தபோது அவர்களில் பெரிய பணக்காரர்கள் அதிகம் கிடையாது. இந்த மாதிரி டப்பாக்களை நம்பித்தான் இறங்கியிருக்க வேண்டும்.

சரி, சமையலுக்கு வருவோம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கோயில் பின்பக்கம் டியூப்லைட் கட்டி, தார்ப்பாய் விரித்து, பெண்கள் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்தார்கள். கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சேனை, பூசணி மலை மலையாகக் கிடந்தது. என் கடையில் காய் நறுக்க நாலு பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். தினமும் யாராவது ஒருவருக்கு இடுப்பு வலி. இங்கே அறுபது, எழுபது பேர், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மும்பையிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பெண் நகப்பூச்சோடு சேனையில் கை வைக்கப் போனது. பக்கத்தில் இருந்த ஆச்சி, "ஏட்டி, தேங்காண்ணெய தடவிக்கிட்டு தொடு, ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டு கிடப்பே" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். கத்தரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி உடனே தண்ணீரில் போட்டார்கள். வாழைக்காய்க்கு வேறு அண்டா, அதன் கறை கத்தரிக்காயில் ஏறிவிடக் கூடாது. கேட்டரிங் படிப்பு முடித்துவிட்டு என்னிடம் வேலைக்கு வரும் பையன்களுக்கு இது தெரியாது.

தலைமைச் சமையல் ஒரு ரிட்டையர்டு பஸ் டிரைவர். காசு வாங்குவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு ஐயர் வந்து ஜெபம் பண்ணினார், அடுப்பு மூட்டினார்கள். உடைமர விறகு, நின்று எரியும். பருப்பு வெந்து மலர்ந்ததும் சேனையும் வாழைக்காயும் முதலில், அப்புறம் முருங்கை, கத்தரிக்காய் கடைசியில். புளியை அரிசி களைந்த தண்ணீரில் கரைத்தார்கள். வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் சேர்ந்து கொதி வந்த பிறகுதான் தேங்காய் அரைப்பு. அது இறங்கியதும் டிரைவர் அண்ணாச்சி விறகில் பாதியை வெளியே இழுத்துப் போடச் சொல்லிவிட்டார். நாங்கள் கடையில் கேஸைக் குறைக்க மறந்து தேங்காய் திரிந்துபோகிற இடம் சரியாக இதுதான். தாளிப்பு தேங்காயெண்ணெயில், சின்ன வெங்காயம் சிவக்கச் சிவக்க. பெருங்காயம் கட்டியை ஊறவைத்த தண்ணீர். அவர் ஒரு தடவைகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. வார்ப்புக்கு மேலே குனிந்து ஆவியை இழுத்தார், "இன்னும் ஒரு கை உப்பு" என்றார். சோற்றோடு பிசைந்து சாப்பிடும்போது உப்பு அளவாக நின்றது. முப்பது வருடத் தொழிலில் எனக்கு அது கைவரவில்லை.

சோற்றை ஜல்லிக் கரண்டியால் அள்ளி ஓலைக் கடகத்தில் போடுகிறார்கள். கஞ்சி கீழே வடிந்துவிடும். அப்படியே கொண்டுபோய் ஓலைப்பாயில் வெள்ளை வேட்டி விரித்துக் கொட்டிப் பரத்தினால் ஆவி அடங்கிப் பொலபொலவென்று ஆகிறது. நோட்டில் அரிசி 500 கிலோ. என் கடைக் கணக்கில் கிலோவுக்கு எட்டுப் பேர் சாப்பிடுவார்கள். ஊர்ப் பந்தியில் ஐந்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆக 2,500 இலை.

சாம்பாருக்கு அடுத்து அவியல், ரசம், அப்பளம், பாயசம். அவியல் பரவாயில்லை, புளிப்பு கொஞ்சம் தூக்கல். ரசம் தண்ணீர். பாயசத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி, அதுவும் சீனி கலக்காதது. இந்தக் காலத்தில் அதைத் தேடிப் பிடித்தவர் யாரோ அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஆராதனை முடிந்து முதல் பந்தி பன்னிரண்டரைக்கு. பரிமாறியது எல்லாம் வாலிபர் சங்கத்துப் பையன்கள், கைலியும் பனியனும் தலையில் துண்டுமாக. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன் சாம்பார் வாளி தூக்குகிறான், பனை ஏறுகிறவர் மகன் அவனை "ஏலே, இந்த வரிசைய விட்டுட்டியே" என்று விரட்டுகிறான். "இன்னும் ரெண்டு கரண்டி போடட்டா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே போட்டும்விடுகிறார்கள். இலையில் வீணாவது அதிகம். இரண்டாவது சோறு கேட்டவருக்கு மட்டும் என்று வைத்திருந்தால் 50 கிலோவாவது மிஞ்சியிருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த வேலை பந்திக்கு வெளியே நடந்தது. முதல் இலை விழுவதற்கு முன்பே ஆக்குப்புரையின் பின்வாசலில் தூக்குவாளிகள் வரிசையாக நின்றன. ஊரில் படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் கிழவிகள், பக்கத்து ஊர் அம்மன் கோயில் தெருவில் நடக்க முடியாதவர்கள் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பட்டியல் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு எதிரே எண்ணிக்கை மட்டும் போட்டிருக்கும் என்று நினைத்தால், 'சர்க்கரை, பாயசம் வேண்டாம்', 'மகன் வந்திருக்கிறான், இரண்டாக வை' என்றெல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு அக்கா வாளியை மூடப்போன பையனை நிறுத்தி, "அந்த ஆச்சிக்குப் பல்லு கிடையாதுல்லா, சோத்தக் குழைச்சு சாம்பார ஊத்திக் கொண்டு போ" என்றார். அவனும் தரையில் உட்கார்ந்து கரண்டிக் காம்பால் மசித்துவிட்டுத்தான் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏறினான். டெலிவரிக்கு ஆள் வைத்து மாதம் பூராவும் திட்டு வாங்குகிற எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

இனி குறைகள். பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் மேஜை நாற்காலி போட்டு, மின்விசிறிக்குக் கீழே நன்கொடையாளர்களுக்கும் வெளியூர் விருந்தாளிகளுக்கும் தனிப் பந்தி. அங்கே கோழி வறுவல் வேறு, டவுனிலிருந்து வாங்கி வந்தது. வெளியே பந்தலுக்குக் கீழே எல்லாரும் தரையில் ஒரே மாதிரி சாப்பிட, ஜன்னல் வழியாக வறுவல் வாசனை வருகிறது. என் பக்கத்தில் இருந்த சின்னப் பையன் மூக்கை நிமிர்த்தி அவன் அம்மாவைப் பார்த்தான். என்னையும் அந்த அறைக்குத்தான் கூப்பிட்டார்கள். தரைதான் வசதி என்று சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு வசதி இல்லைதான். வயதானவர்களுக்கு நாற்காலி போடுவதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட இளசு.

இன்னொன்று. ராத்திரி பூரா காய் நறுக்கிய பெண்களில் ஒருவர் கையில்கூடப் பகலில் கரண்டி இல்லை. அவர்களுக்கு இலை விழுந்தது மூன்றாம் பந்தியில், இரண்டரை மணிக்கு. அதற்குள் அவியல் காலி, சாம்பாரில் வெந்நீர் ஊற்றி நீட்டியிருந்தார்கள். நானே மறுபடி ஒரு கரண்டி வாங்கிப் பார்த்தேன், காலைச் சாம்பாரின் தூரத்துச் சொந்தம். காய் நறுக்கினவர்களுக்கு முதல் பந்தி என்று ஒரு தீர்மானம் போட எத்தனை கமிட்டி கூட வேண்டும்? கை கழுவ இரண்டே குழாய் என்பதையும், தண்ணீருக்குப் பிளாஸ்டிக் டம்ளர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்வர் டம்ளர் கோயில் அறையிலேயே சாக்கு மூட்டையில் கிடக்கிறதாம், கழுவ ஆள் இல்லை என்கிறார்கள். 2,500 பேருக்குச் சமைக்க ஆள் இருக்கிற ஊரில்!

கிளம்பும்போது காதில் விழுந்த செய்தி: அடுத்த வருடம் மொத்தத்தையும் காண்ட்ராக்ட் விட்டுவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். இளவட்டங்கள் வெளியூர் போய்விட்டார்கள், டிரைவர் அண்ணாச்சிக்கும் வயதாகிறது என்று காரணம். இலை அண்ணாச்சி என்னிடமே ரேட் கேட்டார். சொன்னேன். இலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு நல்ல லாபம் நிற்கிற ஆர்டர். ஆனாலும் எடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். நான் வந்தால் மணிக்குச் சாப்பாடு வரும், ரசம் இதைவிட நன்றாக இருக்கும், மூன்றாம் பந்திக்கும் அவியல் இருக்கும். தூக்குவாளிப் பட்டியல் என் கையில் வராது. வந்தாலும் அதில் யாருக்குப் பல் இல்லை என்று என் ஆட்களுக்குத் தெரியாது. விறகு பிளந்தவருக்கு என் பில்லில் இடம் கிடையாது. ஆள் போதவில்லை என்றால் அவியலை விட்டுவிட்டு, சோறு, சாம்பார், பாயசம் என்று குறைத்துக்கொள்ளுங்கள், தாளிப்பும் உப்பும் யாராவது இரண்டு பையன்கள் இப்போதே அவரோடு நின்று பழகட்டும் என்றேன். "கமிட்டியில சொல்லுதேன்" என்றார். கமிட்டியில் வகுப்பறை ஆட்கள்தான் அதிகம் என்று கேள்வி.

போக நினைப்பவர்களுக்கு: அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் அசனத் தேதி வேறு, தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அங்கிருந்து உள்ளூர்ப் பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். முதல் பந்தியைப் பிடித்துவிடுங்கள், முடிந்தால் ராத்திரியே போய் ஒரு அரிவாள்மணையைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். சாப்பிட்டதற்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கிறது. வரவு செலவை அடுத்த ஞாயிறு கோயிலில் வாசிப்பார்களாம், மிச்சம் விழுந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். சேனை நறுக்கப் போகிறவர்கள் தேங்காயெண்ணெயை மறந்துவிடாதீர்கள்.