வாழும் கூடமா, வாடகைக் கூடமா?

இங்கிலாந்தின் யார்க் நகரில் வணிகர் கூடத்தை 1357-இல் கட்டத் தொடங்கினார்கள். மேலே வணிகம், கீழ்த்தளத்தில் ஏழைகளுக்கான மருத்துவ இல்லம். தடித்த ஓக் தூண்களுக்கு நடுவே அங்கே கட்டில்கள் கிடந்தன. ஃபாஸ் ஆறு பெருகினால் தண்ணீர் நேராக இந்தத் தளத்துக்குள்தான் வரும். இல்லம் 1900 வரை நடந்தது. இப்போது அருங்காட்சியகம்; அப்புறம், திருமணங்களுக்கும் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே, அது சரிதான்.

வாரிக் நகரின் லார்ட் லெஸ்டர் கட்டடங்கள் வேறு மாதிரி. நகரின் மேற்கு வாயிலுக்கு மேலேயே ஒரு சிற்றாலயம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் நகரின் சங்கங்களிடம் இருந்த இந்த இடத்தை, முதுமையாலும் காயத்தாலும் ஓய்ந்த படைவீரர்களுக்காக 1571-இல் லெஸ்டர் பிரபுவான ராபர்ட் டட்லி அறக்கட்டளை ஆக்கினார். முன்னாள் வீரர்கள் இன்றும் அங்கேயே குடியிருக்கிறார்கள், விழா நாட்களில் கறுப்பு அங்கியும் வெள்ளிச் சின்னமும் அணிகிறார்கள். பெரிய சீரமைப்புக்குப் பின் 2023-இல் மீண்டும் திறந்தபோதும் அந்த வழக்கத்தை விடவில்லை.

மரவேலையைப் பார்க்க யார்க் போதும். ஆனால் என் மனம் வாரிக்கில்தான் நிற்கிறது. பழைய கூரைக்குக் கீழே ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதே அந்தக் கட்டடத்துக்கு உயிர்.