மூன்று நாள் "இதோ வந்துட்டேன்", இருபது நிமிட வேலை

ஊருக்குப் போய்த் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. விமானம் நேரத்துக்குப் போனது, பெட்டி தொலையவில்லை, போன காரியங்கள் முடிந்தன. அதையெல்லாம் எழுதி என்ன செய்ய? தம்பி வீட்டுக் கொட்டகையில் கிடந்த குட்டி ஏடிவிதான் (மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

110 சிசி வண்டி, தம்பி மகனுடையது. ஆறேழு மாதமாக யாரும் தொடவில்லை. நான் போன மறுநாளே, "அத்தை, அங்க நீங்க இதே மாதிரி வண்டி வச்சிருக்கீங்கல்ல, ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க" என்று வந்து நின்றான். வைத்திருக்கிறேன்தான், வாசலில் பனி தள்ளுவதற்கு. மைனஸ் இருபதில்கூட பட்டனைத் தொட்டால் கிளம்பிவிடும். அந்தத் திமிரில், "அரை மணி நேரம் குடுடா" என்று சொல்லிவிட்டேன்.

செல்ஃப் பட்டனை அழுத்தினால் ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. பின்னால் மாட்டும் சிவப்புக் கயிறு, பிடுங்கினால் இன்ஜின் அணைந்துவிடும், அதன் இடத்தில் இருந்தது. ஹேண்டில்பார் சுவிட்ச் 'ரன்'னில், கியர் நியூட்ரலில். பேட்டரியை மீட்டரில் பார்த்தால் 12.7 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபியூஸும் நன்றாக இருந்தது. இந்த வண்டிகள் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்பதும் தெரியும். பிடித்துப் பிடித்து கை வலித்ததுதான் மிச்சம்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று பையன்கள் நாலு பேர் கிளம்பினார்கள். இதில் கிளட்ச் லிவரே கிடையாது. இன்ஜின் வேகம் எடுத்தால்தான் கிளட்ச் பிடிக்கும், அதனால் ஓடும் சக்கரத்தால் நின்ற இன்ஜினைச் சுற்ற முடியாது என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? கொட்டகையை இரண்டு சுற்று தள்ளிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். கிக்கரும் இல்லை. எனக்கு அப்பாவின் ஸ்கூட்டர் ஞாபகம் வந்துவிட்டது. காலையில் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, நாலு உதை. ஐந்தாவது உதைக்கு அது கிளம்பாவிட்டால் அன்று வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டோம்.

சரி, மெக்கானிக்கைக் கூப்பிடு என்றேன். இங்கிருந்து ஆரம்பித்தது. "இதோ வந்துட்டேன்கா" என்றார், காலை பத்து மணிக்கு. மதியம் கூப்பிட்டால் "கிளம்பிட்டேன்கா". சாயங்காலம் "பாதி வழியில இருக்கேன்". அந்தப் பாதி வழி மூன்று நாள் நீண்டது. தம்பி அசரவே இல்லை. "வருவாருக்கா, ஏன் பறக்கற?" என்றான். நான் இருக்கும் பனி ஊரில் சர்வீஸுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் நாள் கொடுப்பார்கள். ஆனால் அந்த நாளில், அந்த மணியில் வண்டியை எடுத்துக்கொள்வார்கள். இருபது வருடமாக அதற்குப் பழகிய உடம்பு. 'இதோ'வுக்கு என்ன அர்த்தம் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

நான்காம் நாள், இருட்டும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த கோபத்தை எடுத்துவிட வாயைத் திறப்பதற்குள், "அக்கா, பிரேக்கைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். பிடித்தேன். "லைட்டு எரியலயே" என்றார்.

அவ்வளவுதான். மூன்று நாளாக பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னால் நின்ற நான், ஒரு தடவையாவது பின்னால் போய் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்கவில்லை. நான் பிடிப்பது எனக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியவில்லை. பிரேக் பிடித்ததை லைட்டுக்கும் செல்ஃபுக்கும் சொல்வது வலது லிவருக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச். அதன் முளை புழுதியில் இறுகி உள்ளேயே நின்றுவிட்டது. இடது பக்க லிவர் பயனில்லை, அதன் கேபிள் எப்போதோ அறுந்து தொங்கியது. பழைய பல் பிரஷ்ஷைப் பெட்ரோலில் தொட்டு நாலு தேய்ப்பு. முளை வெளியே துள்ளியது. பின்னால் சிவப்பு வெளிச்சம். செல்ஃப் சுற்றியது.

சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினார், காய்ந்து கிடந்தது. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் இல்லை என்று சந்தேகப்படலாம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இருந்தாலும் இன்ஜின் உடம்பில் பிளக்கை வைத்துச் சுற்றவிட்டார். நீலப் பொறி, பளிச்சென்று. பிளக்கைத் திரும்ப மாட்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டரின் வாயில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டதும் இன்ஜின் இரண்டு விநாடி உறுமி அணைந்தது. "ஜெட்டுதான்" என்றார், கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையைச் சொல்லி.

கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றியபோது வந்தது பெட்ரோல் மாதிரியே இல்லை. பழுப்பாக, வார்னிஷ் நாற்றத்தோடு. பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் ஆவியாகிப் பிசினை விட்டுப்போகும், எத்தனால் கலந்ததென்றால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் என் வண்டிக்கு வருடா வருடம் நிறுத்தி வைக்கும் முன் டேங்கில் ஒரு மருந்து ஊற்றுகிறேன். பைலட் ஜெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பித்தளையில் ஒரு சின்னத் திருகு, நடுவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. செல்போன் விளக்கில் பிடித்துப் பார்த்தேன், இருட்டு. ஒயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவினார். ஊசி ஏன் போடக் கூடாது என்று கேட்டேன். "ஊசி துளையைப் பெருசாக்கிடும்கா, செம்பு மெத்து" என்றார். திரும்பப் பிடித்தபோது ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

அங்கே இதை நான் பார்த்திருக்கவே முடியாது. தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி வாடிக்கையாளர் போகக் கூடாது. ஜெட்டையெல்லாம் சுத்தம் செய்ய மாட்டார்கள், கார்ப்பரேட்டரையே மாற்றிவிட்டுப் பழையதை அட்டைப்பெட்டியில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். ஒருமுறை எனக்கு அப்படித்தான் ஆனது. அந்தப் பெட்டி இன்னும் கராஜில் இருக்கிறது. இப்போது அதைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது.

டேங்கில் இருந்ததை வடித்துப் புது பெட்ரோல் ஊற்றி, சோக்கை இழுத்துப் பட்டனைத் தொட்டார். மூன்றாவது சுற்றில் பிடித்தது. வந்ததிலிருந்து இருபது நிமிடம்கூட இருக்காது. பையன் ஹெல்மெட் இல்லாமல் ஏறப் போனான். நான் கத்துவதற்கு முன்னால் மெக்கானிக் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒத்தை பிரேக்குல ஓட்டக் கூடாது தம்பி. நாளைக்கு கேபிள் கொண்டாந்து மாட்டிட்டு சாவி தர்றேன்." அந்த நிமிடம் அவருடைய மூன்று நாளையும் மன்னித்துவிட்டேன்.

அதற்கு நாலு நாள் கழித்து நான் விமானம் ஏறினேன். நேற்று பையன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான்: "அத்தை, சாவி இன்னும் அவர்கிட்டதான் இருக்கு. இதோ வந்துட்டேன்னு சொல்லியிருக்கார்."