மன்னார்க் காற்றா, நுரைச்சோலை நிலக்கரியா, வயலில் சோலாரா: வன்னிக்கு எது பொருந்தும்?

இலங்கையில் ஆளொருவருக்கு ஆண்டுக்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ 650 முதல் 700 அலகு (யூனிட்). உலக சராசரி இதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். கொழும்பின் ஹோட்டல்களும் பியகம, கட்டுநாயக்கத் தொழிற்சாலைகளும் சேர்ந்துதான் இந்த 650 வருகிறது. மாதம் 60 அலகோடு சமாளிக்கும் நால்வர் கொண்ட முல்லைத்தீவுக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொண்டால், தலைக்கு ஆண்டுக்கு 180 அலகுதான். ஒரு குதிரைவலு பம்பை நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் இரண்டே மாதத்தில் அது தீர்ந்துவிடும்.

போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. 2009க்குப் பிறகு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ட் கம்பி இழுக்கப்பட்டது. வீடுகளில் விளக்கு எரிகிறது, நல்லது. ஆனால் விளக்கு எரிவதால் யாருடைய வருமானமும் கூடிவிடாது. கிணற்றடியிலும் மில்லிலும் ஐஸ் தொழிற்சாலையிலும் எத்தனை அலகு செலவாகிறது என்பதுதான் என் அளவுகோல். மூன்று வழிகளையும் அதைக்கொண்டே அளக்கிறேன்.

நிலக்கரியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நுரைச்சோலையின் 900 மெகாவாட் இரவும் பகலும் கிடைக்கும் என்பதே அதன் பெருமை. ஆனால் கரி கப்பலில் வர வேண்டும், கப்பலுக்கு டொலர் வேண்டும். எரிபொருள் வாங்க டொலர் இல்லாத 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டபோதும் நுரைச்சோலை இயந்திரங்கள்தான் மீள நாட்கணக்கில் எடுத்தன. இன்னொரு நிலக்கரி நிலையம் வன்னிக்கு எதையும் கூட்டித் தராது. டீசலைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுன்னாகத்து மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை அயலில் இருந்து பார்த்தவர்கள் நாம்.

காற்று வேறு மாதிரி. மன்னார்த் தீவின் தம்பபவனியில் 30 காற்றாலைகள், சுமார் 100 மெகாவாட், 2020 டிசம்பரிலிருந்து சுழல்கின்றன. கொள்ளளவில் 40 சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 35 கோடி அலகு. மன்னார் மாவட்டத்தின் சனத்தொகையை ஒன்றேகால் இலட்சம் என்று வைத்து வகுத்தால் தலைக்கு 2,800 அலகு, அதாவது நாட்டுச் சராசரியின் நான்கு மடங்கு! காகிதத்தில் மன்னார் ஒரு பணக்கார மாவட்டம். அந்த மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் ஏறி, தேவை இருக்கும் திசைக்குப் போய்விடுகிறது. உற்பத்தி வேறு, நுகர்வு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆனாலும் காற்றை நான் தள்ளிவிட மாட்டேன். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டெம்பர் வரை. சிறுபோகத்துக்குக் கிணறுகள் இறைபடுவதும் அதே மாதங்களில்தான். இவ்வளவு பொருத்தம் நிலக்கரிக்கு எங்கே இருக்கிறது? விலையும் இறங்குகிறது: மன்னாரில் காற்றாலை அமைக்க அதானி நிறுவனத்துக்கு அலகு 8.26 அமெரிக்க சதத்துக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. போட்டிக் கேள்விப்பத்திரத்தில் போன இன்னொரு மன்னார்த் திட்டம் 4.65 சதத்துக்கு முடிந்தது. எனவே கேள்விப்பத்திரம் இல்லாமல் ஒரு கோபுரமும் எழும்பக் கூடாது. மழைவெள்ளம் வடிவதற்கு வரும் தடையைப் பற்றியும் வலசைப் பறவைகளைப் பற்றியும் தீவு மக்கள் சொல்வதை அபிவிருத்திக்கு எதிரான கூச்சல் என்று ஒதுக்குவதும் தவறு. அந்த ஒடுங்கிய தீவில் இன்னும் நெருக்காமல் பெருநிலப்பக்கம் இடம் தேடலாம்.

சோலாரில் கூரைக்கும் வயலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. கூரைச் சோலார் வசதியான வீட்டுக்கு மின்கட்டணப் பட்டியலைக் குறைக்கும்; நண்பகலில் மின்சாரம் குவிந்து, மாலையில் தேவைப்படும்போது இராது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை இணைப்புகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்க நேர்ந்தது. வயல் பம்புக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வெயில் ஏறும்போது இறைக்கலாம், தொட்டியில் தேக்கலாம், பற்றரிக்குச் செலவில்லை. மாரியில் வெயில் குறைந்தால் பயிருக்கு இறைப்பும் தேவையில்லை. ஒரே பயம், எரிபொருள் செலவில்லாத பம்பை நிறுத்த யாருக்கும் மனம் வராது என்பது. பூநகரி போன்ற கரையோரங்களில் அளவின்றி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். அங்கே பம்பின் வலுவுக்கு உச்சவரம்பு வைத்தே மானியம் கொடுக்க வேண்டும்.

மில்லுக்கும் ஐஸுக்கும் சோலார் பம்ப் உதவாது. அவற்றுக்கு மூன்று பேஸ் இணைப்பும், ஏறி இறங்காத வோல்டேஜும் வேண்டும். முல்லைத்தீவில் மீன் பிடிப்பவர், ஐஸ் கிடைக்காத நாளில் வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டு வர வேண்டியவர். ஆகவே கையில் ஒரு தொகை இருந்தால் நான் முதலில் ஊருக்குள் கம்பியையும் ட்ரான்ஸ்ஃபோமரையும் பெருப்பிப்பேன், அடுத்து வயலுக்குச் சோலார் பம்ப், மூன்றாவதாகக் காற்று. புதிய காற்றாலைத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி வழங்கும்போதே, அந்தப் பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை மூன்று பேஸ் இணைப்புகள் எந்த ஆண்டுக்குள் கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வேன்.